கருப்பட்டி நிறத்தில் ஒரு டயல்

என் சகலையின் கைக்கடிகாரம் ஒன்றைப் பத்துப் பதினோரு மாதம் என்னுடையது என்று சொல்லிக் கட்டிக்கொண்டு திரிந்தேன். அதைத் திருட்டு என்று இதுவரை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

நான் இருப்பது பூனாவை ஒட்டிய நிக்டியில். சிஞ்ச்வட் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கே தலைவனாகி, அங்கேயே தலை நரைத்தவன். வேலையில் இருபத்தைந்து வருடம் முடிந்தபோது எனக்கு நானே ஒரு ஸ்விஸ் கடிகாரம் வாங்கிக்கொண்டேன். அப்போது மகன் வெளிநாடு போயிருந்தான். வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. இரண்டாவது கடிகாரம் ஆறு மாதத்தில் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பிறகு காரணம் தேடுவதையும் விட்டேன்.

அப்படித்தான் கடிகாரம் சேகரிப்பவர்களின் குழு ஒன்றில் போய்ச் சேர்ந்தேன். மொத்தம் ஏழு பேர். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கோரேகாவ் பார்க் என்கிற பணக்காரப் பகுதியில் ஒரு பில்டரின் வீட்டில் கூடுவோம். சாப்பாட்டு மேஜையில் பச்சை வெல்வெட் துணி விரித்திருப்பார்கள். எல்லோரும் கடிகாரத்தைக் கழற்றி அதன்மேல் வைக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கைமாறிச் சுற்றி வரும். புதிதாக ஒன்று வந்தால் பில்டர் கேட்கும் முதல் கேள்வி, "கித்னே பனே தே?" எத்தனை செய்தார்கள் என்பதுதான். அழகா, நேரம் ஒழுங்காகக் காட்டுகிறதா என்பதெல்லாம் பிறகு. முன்னூறு என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஐம்பது என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

என்னுடையவை எல்லாம் எந்த விமான நிலையக் கடையிலும் கிடைப்பவை. என் கடிகாரம் சுற்றி வரும்போது ஒருமுறை திருப்பிப் பார்த்து, "நைஸ் பீஸ்" என்று சொல்லி அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆர்டர் கொடுக்கப்போவதில்லை என்று முன்பே முடிவு செய்துவிட்ட சப்ளையர்களிடம் நானே அந்தக் குரலில்தான் பேசுவேன்.

குழுவில் ஒரு பல் டாக்டர் உண்டு. கொஞ்சம் எதிர்வாதம் செய்கிற ஆள். கம்பெனிக்காரன் நூறோடு நிறுத்திக்கொண்டால் அதில் என்ன அரிது, நாளைக்கே அவன் நினைத்தால் இன்னும் நூறு செய்வான் என்று ஒருநாள் வாதாடினார். அப்படியானால் எதுதான் அரிது என்று பில்டர் கேட்டார். கம்பெனியே நினைத்தாலும் செய்ய முடியாததுதான் என்றார் டாக்டர். பழைய கடிகாரங்கள் சிலவற்றில், கறுப்பு டயலில் பூசிய வண்ணம் சரியில்லாததால், பல வருட வெயிலில் அது பழுத்துப் பழுப்பாகிவிடும். டிராபிக்கல் டயல் என்பார்கள். ஒரே நாளில் ஒரே பட்டறையிலிருந்து வெளியேறிய இரண்டில் ஒன்று அப்படியே கறுப்பாக இருக்கும். மற்றது நிறம் மாறும். அதிலும் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராக மாறியது லட்சத்தில் ஒன்று. ஆசைப்பட்டு அடுப்பில் வைத்து வாட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு என்று சொல்லிச் சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அந்த மாதிரி டயல்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி என் சகலை. மனைவியின் அக்கா கணவர். விமானப்படையில் கருவிகள் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை பார்த்து வாரன்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கம். லோஹேகாவில் படைத்தளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்த வீடு. போர் விமானம் கிளம்பும்போது அந்தச் சந்தில் எல்லோரும் பேச்சைப் பாதியில் நிறுத்துவார்கள். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கல்யாணமான புதிதில் பூனாவில் எங்களுக்கு வீடு கிடைக்காமல், அவருடைய குவார்ட்டர்ஸில்தான் நான்கு மாதம் இருந்தோம். ஒரே ஒரு படுக்கையறை. அதை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரும் அண்ணியும் கைக்குழந்தையோடு முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார்கள். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஆயுத பூஜை அன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். ஸ்க்ரூ டிரைவர்கள், ஸ்பானர்கள், ஒரு பழைய வோல்ட்மீட்டர் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார். ஓரத்தில் ஒரு கைக்கடிகாரம். அதன் கண்ணாடியிலும் ஒரு சந்தனப் பொட்டு. ஸ்டாப்வாட்ச் வசதியோடு கூடிய பழைய ஸ்விஸ் கடிகாரம் என்பது பார்த்ததுமே தெரிந்தது. கையில் எடுத்துச் சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்தேன். டயல் முழுவதும், ஒரு திட்டு இல்லாமல், கருப்பட்டி நிறம்.

வேலையில் சேர்ந்த கொஞ்ச வருடத்தில், வெளிநாடு போகிற ஒரு பைலட்டிடமிருந்து வாங்கியதாம். ஜாம்நகர், ஜோத்பூர், பிறகு பூனா என்று ஓடுபாதை வெயிலில் முப்பது வருடம் கையிலேயே இருந்ததாம். போன வருடம் நின்றுவிட்டது. இதெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டயலை ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்குத்தான் நல்ல வாட்ச் ரிப்பேர்காரங்களைத் தெரியுமே தம்பி. ஓட வச்சுக் குடேன்," என்றார். "அப்படியே டயலையும் கறுப்பாக்கித் தரச் சொல்லு. வெயில்ல வெந்து போய் அசிங்கமா இருக்கு. வாங்குனப்போ கன்னங்கரேல்னு இருந்துது."

சரி என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பூனா கேம்ப் பகுதியில் ஒரு சந்தில் எனக்குத் தெரிந்த வயதான கடிகாரக்காரர் ஒருவர் இருந்தார். திறந்து லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். யாருடையது என்று இந்தியில் கேட்டார். எங்கள் வீட்டு வாட்ச்தான் என்றேன். மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, பத்து நாளில் தருகிறேன் என்றவர், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, டயலில் யாரையும் கை வைக்க விடாதீர்கள் என்றார். பத்து நாளில் கொடுத்தும் விட்டார். ஓடியது. ஒரு நாளைக்குச் சில நொடிகள்தான் பிந்தியது.

குழுவில் ஒரே ஒரு தடவை காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்துப் போனேன். இதை எத்தனையோ முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மைதான் என்று நினைக்கிறேன். பச்சைத் துணியில் அதை வைத்ததும் மேஜையில் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். பில்டர் எழுந்து அதை ஜன்னலோரம் கொண்டுபோனார். பல் டாக்டர் பின்னாலேயே போனார். எத்தனை செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பின்பக்க மூடியில் ஊசியால் கீறியது போல ஒரு எண் இருந்தது. பாரக்ஸில் ஒருவர் கடிகாரத்தை இன்னொருவர் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று, சகலை தன் சர்வீஸ் எண்ணின் கடைசி இலக்கங்களைத் தானே கீறி வைத்தது. பில்டர் அதைப் பார்த்துவிட்டு, ராணுவத்துக்கென்றே செய்து கொடுத்ததா என்று கேட்டார். ஏர் ஃபோர்ஸில் இருந்து வந்தது என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. அன்றைக்கு முதல் கோப்பை டீ எனக்கு வந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் தொழிற்சாலையைப் பற்றி ஒருவர் விசாரித்தார்.

அடுத்த மாதம் அதைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்கு அடுத்த மாதமும். குழுவின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் படம் எடுத்தார்கள். டயலை, பின்பக்கத்து எண்ணை, என் மணிக்கட்டோடு ஒன்றை. தீபாவளிக்குச் சகலை போன் செய்து விசாரித்தார். பாகம் கிடைக்கவில்லை, ஸ்விட்சர்லாந்திலிருந்து வர வேண்டும் என்றேன். பொங்கலுக்குக் கேட்டார். அதே பதில். அவர் அவசரப்படவில்லை. விமானக் கருவிகளுக்குப் பாகம் கேட்டு ஒன்றரை வருடம் காத்திருந்த கதையைச் சொல்லி எனக்கே ஆறுதல் சொன்னார்.

சித்திரைப் பிறப்பன்று என் கடிகாரப் பெட்டியிலிருந்து ஒரு ஆட்டோமேட்டிக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு லோஹேகாவ் போனேன். நல்ல கடிகாரம்தான். அவர் தன் கைக்காசில் ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டார். ஆனால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் செய்கிறார்கள். பழையது இனி ஓடாதாம் அண்ணே, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அது இருந்த பெட்டியை மடியில் வைத்துத் திறந்து திறந்து மூடினார். இவ்வளவு பெரிய சாமான் எனக்கு எதுக்கு என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு, அந்தப் பழசையும் சும்மா கொடுத்துவிடு, ஓடாட்டிப் பரவாயில்லை, அலமாரியில் கிடக்கட்டும் என்றார். பிரித்துப் போட்டிருக்கிறார்கள், வாங்கி வருகிறேன் என்று சொன்னேன்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது. சந்தில் எல்லோரிடமும் காட்டினார். முருகன் கோயிலில் பார்க்கிற தமிழர்களிடமெல்லாம் கையை நீட்டி, என் சகலை கொடுத்தது என்றார். கூடப்பிறந்தவன் செய்வானா என்றாராம். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். அந்தக் கடிகாரப் பெட்டியிலிருந்து அடுத்தவருக்கென்று ஒன்றை எடுத்தது இதுதான் முதல் தடவை என்று சிரித்தாள். பல வருடம் கழித்து அவள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆவணியில் சகலையின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கடிகாரம் போட வேண்டும். அவள் பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். எந்தக் கடிகாரம் நன்றாக இருக்கும் என்று என்னிடம் கேட்டாள். நான்தான் எங்கள் குழுவின் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். நிறைய மாடல் இருக்கும், பிடித்ததைச் சொல், வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அந்தப் படங்கள் அங்கே இருப்பது எனக்கு நினைவிலேயே இல்லை. அல்லது அதற்குள் அது என்னுடையது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆபீசில் இருக்கும்போது போன் வந்தது.

"சித்தப்பா, அப்பாவோட வாட்ச் அந்த பேஜ்ல இருக்கு. பின்னாடி அப்பா நம்பர் இருக்கு, பக்கா. அந்த ரிப்பேர்வாலா உங்களை ஏமாத்தி யாருக்கோ வித்துட்டான்."

விசாரிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது என் மனம் வேலை செய்த வேகத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. கேம்ப் கடிகாரக்காரர் மேல் பழியைப் போடுவதற்கான வாக்கியங்களை ஐந்து நிமிடத்தில் தயார் செய்துவிட்டேன். வயதானவர், கடையை மூடிவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லலாம். யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவள் அதற்குள் அடுத்தடுத்த படங்களைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். கடைசிப் படத்தில் என் கை. கல்யாணத்துக்கு என் மாமனார் போட்ட பச்சைக்கல் மோதிரம் விரலில். அவள் மறுபடி கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சகலை வந்தார். லோஹேகாவிலிருந்து நிக்டி வரை அந்த வெயிலில் ஸ்கூட்டரில் தனியாக வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் மனைவிக்கு எதுவும் தெரியாது. வாங்க அத்தான் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, காபி போட உள்ளே போகத் திரும்பினாள். அவர் பையிலிருந்து நான் கொடுத்த கடிகாரத்தைப் பெட்டியோடும் அதன் தாள்களோடும் எடுத்து டீப்பாயில் வைத்தார். அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"என் வாட்ச் ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுதுண்ணே."

"எப்பயிருந்து?"

பொய் சொல்ல இடமில்லை. "குடுத்த ரெண்டாவது வாரத்துல இருந்து," என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பேச ஆரம்பித்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். அந்த டயல் எப்படிப்பட்டது, உலகத்தில் அந்த மாதிரி எத்தனை இருக்கும், கறுப்பு அடித்தால் எல்லாம் போய்விடும் என்றெல்லாம் விளக்கினேன். உங்களுக்கு அதன் மதிப்புத் தெரியாது, கெடுத்துவிடுவீர்களோ என்று பயந்துதான் வைத்துக்கொண்டேன் என்றும் சொன்னேன். பாதி சொல்லும்போதே, காப்பாற்றுவதற்காகத்தான் வைத்திருந்தேன் என்பது எனக்கே நிஜமாகத் தோன்றியது.

"சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேன்," என்றார். "நீங்க கேட்டு நான் எதை இல்லன்னேன்?"

முப்பது வருடத்தில் அவர் என்னை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே போய்க் கடிகாரத்தை எடுத்து வந்து கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டார். பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை பின்னாலேயே போனேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடியது எத்தனையோ இருந்தது. நான் சொன்னது இதுதான்:

"அண்ணே, டயலை மட்டும் தொட்டுராதீங்க."

அவர் மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டார். பிறகு வாரேன் என்று என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவள் அன்று என்னோடு சண்டை போடவில்லை. அவர்கள் பாயில் படுத்துக்கொண்டு நமக்கு அறையைக் கொடுத்தார்களே என்று மட்டும் சொன்னாள். பிறகு டீப்பாயில் இருந்த பெட்டியைக் காட்டி, அதை அங்கேயிருந்து எடுங்கள் என்றாள்.

தை மாதம் கல்யாணம். அழைப்பு முறைப்படி வந்தது. அண்ணியும் அவரும் நேரில் வந்து தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். மண்டபத்தில் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும் என்றார். என் தொழிற்சாலை நண்பர் யாரையாவது கூப்பிட்டிருந்தால் அவரிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார். கும்பிட்ட கையில் அந்தக் கடிகாரம் இருந்தது.

டயல் கறுப்பாக இருந்தது. எண்களும் எழுத்துகளும் புதிதாக அச்சடித்தவை, கொஞ்சம் தடிமனாக; கம்பெனிப் பெயரின் ஒரு எழுத்து லேசாகக் கோணல். ஏரவாடா மார்க்கெட்டில் ஒரு கடையில் ஒரே வாரத்தில் செய்து கொடுத்தார்களாம். அண்ணி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு உணர்த்துவதற்காக அவர் அதைச் செய்தாரா என்று பலநாள் யோசித்தேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. மகள் கல்யாணத்துக்கு நல்லதாகக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பார். முதல் நாளிலிருந்தே அவர் கேட்டது அது ஒன்றைத்தான். என்னை நினைத்தே இருக்க மாட்டார்.

பந்தியில் உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. முப்பது வருட வெயில் செய்ததை எவனோ ஒருவன் ஒரு தூரிகையால் அழித்துவிட்டானே என்று மனம் ஆறவே இல்லை. பக்கத்து இலையில் என் மனைவி பாயசத்தைத் தொடாமல் இருந்தாள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த மனிதர் என் வீட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு இந்த அளவு வலிக்கவில்லை. இதில் பாதிகூட இல்லை.

குழுவில் அந்தக் கடிகாரம் எங்கே என்று கேட்டார்கள். துபாயில் ஒருவர் வாங்கிக்கொண்டார், பெயர் சொல்லக் கூடாது என்று நிபந்தனை என்றேன். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் மரியாதை கூடியது. அப்படி ஒன்றை வைத்திருந்தவன் என்பதைவிட, விட்டுக்கொடுத்தவன் என்பது அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது போல. புதிதாக ஒரு பழைய கடிகாரம் மேஜைக்கு வந்தால் இப்போது என் பக்கம்தான் முதலில் தள்ளுகிறார்கள்.

போன மாதம் ஒரு புது உறுப்பினர் வந்தார். சாப்ட்வேர்க்காரர், முப்பது வயது இருக்கும். அழகான ஒரு கடிகாரம் கட்டியிருந்தார், எங்கும் கிடைப்பது. அது கைமாறிச் சுற்றி வந்து, வந்த வேகத்தில் அவரிடமே திரும்பிப் போனதைக் கவனித்திருக்கிறார். டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து, சார், ரேராக இருப்பது அவ்வளவு முக்கியமா என்று கேட்டார். எதிரே பில்டர் உட்கார்ந்திருந்தார். பல் டாக்டரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தார். ரொம்ப முக்கியம் என்றேன். தெரிந்தவன் குரலில், நிதானமாகச் சொன்னேன். அவர் தன் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து விட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் லோஹேகாவ் போய்விடுகிறாள். இரண்டு பஸ் மாறிப் போகிறாள். காரில் விடுகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். வேண்டாம், சந்து முனையிலேயே இறக்கிவிட்டுப் போக வேண்டியிருக்கும், பார்க்க நன்றாக இருக்காது என்றாள். நானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.

அந்த டயல் பழைய நிறத்திலேயே இன்னொரு முறை என் கைக்கு வந்தால் திருப்பிக் கொடுப்பேனா என்று சில நாள் என்னையே கேட்டுப் பார்க்கிறேன். கொடுப்பேன் என்று உடனே சொல்ல வாய் வரவில்லை.